கலங்கல்

காலை நாலரை.
மகளின் சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்து
ஸ்பிரிட் விளக்கில் பிடிக்கிறேன்.
கொதித்தும் தெளிவாக நின்றால் கொப்பியில் ஒரு கோடு.
கஞ்சித் தண்ணியாய்க் கலங்கினால் ஒரு கூட்டல்.
தயிராய்த் திரைந்தால்
அன்றைக்கு வேலைக்குப் போவதில்லை.

இன்று கோடு.
ஐந்தரைக்குக் கல்முனையில் நிற்கிறேன்,
தோளில் காசுப் பை, விரலிடுக்கில் நோட்டுகள்.
எட்டு வருசமாய் மட்டக்களப்பு பஸ்ஸுக்குக் கொண்டக்டர்.
நாலு வருசமாய், டிக்கட் வெட்டும்போதே
இருமுகிறவர்களையும் எண்ணிக்கொள்கிறேன்.

தையில் யதுஷிகாவுக்கு முதலாம் தரம்.
பாண்டிருப்புப் பள்ளிக்கூடம் தந்த படிவத்தில்
ஊசிகளின் பெயர்கள், எதிரே திகதிகள்.
சின்னமுத்து இரண்டாவது ஊசிக்கு நேரே வெறும் கட்டம்.
கிளினிக் டொக்டர் ஒரு கடிதம் தந்தார்.
"அந்த ஊசிக்குள்ள இருக்கிறது உயிருள்ள கிருமி, நலிஞ்சதுதான்.
இந்தக் குளிசை குடிக்கிற உடம்புக்கு அதுவும் கூட.
இப்ப வேண்டாம்."

சுகிர்தமலர் கடிதத்தை இரண்டாய் மடித்து
அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தாள்.
ஒன்றரை வயது ஊசி போட்டுப் பதினாறாம் நாள்
பிள்ளையின் முகம் ஊதியது.
அதுக்கும் இதுக்கும் தொடர்பில்லை என்று
மூன்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள்.
தலையாட்டிக் கேட்டாள்.
அந்த வருசத்துக் கலண்டரை இன்னும் எறியவில்லை.

அதே சுகிர்தமலர்தான்
இரவு விளக்கை அணைத்தபின் கேட்டாள்:
"அந்த வகுப்பில மத்தப் பிள்ளையள்
எல்லாருக்கும் போட்டிருக்குமா?"

கடிதத்தின் செய்தி ஊருக்குள் நடந்துவிட்டது.
ஓந்தாச்சிமடம் தாண்டும்போது
ஜீவரதன் கம்பியைப் பிடித்தபடி காதுக்குள் வந்தான்.
"அண்ணே, அந்தக் கடிதம் எப்பிடி எடுத்தீங்க?
ஆரைப் புடிக்கணும்? எவ்வளவு குடுக்கணும்?"

அவனுடைய மகனை எனக்குத் தெரியும்,
மதில் ஏறிக் குதிக்கிற பொடியன்.
"ஒருக்கா ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் வந்து
வலிச்சிட்டு அண்ணே.
கண் மேல போயிட்டு.
நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினன்."
சொல்லும்போது அவன் கை
இன்னும் தூக்கிக்கொண்டிருப்பதுபோல் வளைந்திருந்தது.

என்ன விலை சொல்வேன்?
உப்பில்லாச் சோறு நாலு வருசம்.
தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து
"இது ஆர்?" என்று அவள் கேட்ட ஒரு பின்னேரம்.
மிச்சக் காசைக் கையில் வைத்தேன்.
களுதாவளை இறங்குகிறவர்கள் முன்னுக்கு வரச்சொல்லிக் கத்தினேன்.
பிறகு திரும்பி,
"நாளைக்கு நாலரைக்கு வீட்ட வா."

வந்தான், செருப்பைக் கையில் பிடித்தபடி.
நான் எதுவும் விளங்கப்படுத்தவில்லை.
விளக்கு, குழாய், நீலச் சுவாலை.
அன்றைக்குப் பார்த்துத்தான் கலங்கியது.
அடியிலிருந்து வெள்ளை எழும்பி எழும்பி வந்ததை
இரண்டு தகப்பன்மாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
"வலி இருக்குமா பிள்ளைக்கு?" என்றான்.
கடிதத்தைக் கேட்கவில்லை.
தேத்தண்ணி குடிக்காமல் போனான்.

போட்டானா, இல்லையா?
நானும் கேட்கவில்லை.
ஒவ்வொரு நாளும் என் பஸ்ஸில்தான் ஏறுகிறான்,
மழை பற்றிப் பேசுகிறோம்.
கேட்டால் பதில் சொல்லிவிடுவானே.

தை பிறந்து, பள்ளிக்கூடத்து முதல் நாள்.
அவன் மகனும் என் மகளும் ஒரே வாங்கு.
ஒரே அழிறப்பரில் ஆளுக்கு ஒரு மூலை.
சுகிர்தமலர் யன்னல் கம்பியில் நெற்றியை வைத்து
உதடசையாமல் எண்ணினாள்.
"முப்பத்தொண்டு" என்றாள்.
எனக்கு முப்பத்திரண்டு வந்தது.
தலை எண்ணுவது என் தொழில், பிழைக்காது.
திரும்ப எண்ணியபோதுதான் விளங்கிற்று:
அவள் எங்கள் பிள்ளையைச் சேர்க்கவில்லை.